அணுவைப் படத்திலிருந்து தொடங்கலாகாது

நடுநிலைப் பள்ளிச் சிறார்க்கு அணுவைப் பற்றி எப்போது, எவ்வாறு கற்பிப்பது என்னும் கேள்வி ஆசிரியர்களிடையே நெடுநாளாக இருந்து வருவதாகும். நடைமுறையில் இதற்கு ஒரு விடை தானாகவே அமைந்துவிட்டது. கரும்பலகையில் ஒரு வட்டம். அதன் நடுவே கூட்டற்குறியிட்ட சில உருண்டைகள். அவற்றைச் சுற்றி இரண்டு மூன்று வளையங்கள். வளையங்களின்மேல் கழித்தற்குறியிட்ட புள்ளிகள். மாணவர் இதனைக் குறிப்பேட்டில் வரைந்து, வண்ணந் தீட்டி, புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் என்னும் பெயர்களை மனனம் செய்துவிட்டால் அணுவை அறிந்தவராகக் கருதப்படுகிறார். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் அணு அமைப்பு தனியொரு பாடமாகவே இடம் பெற்றது. ஆக, பன்னிரண்டு வயதிற்குள் இப்படம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடுகிறது.

இம்முறை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. பொருள்களின் பண்புகளிலிருந்து அணுவுக்குச் செல்வதே இளஞ்சிறார்க்கு உகந்த வழி. அணுவின் உட்புறப் படத்தை முதலிற் காட்டி, அங்கிருந்து பொருள்களுக்கு இறங்கி வருவது, கற்றது போன்ற தோற்றத்தைத் தருமேயன்றிக் கல்வியாகாது.

படத்தினால் விளையும் குழப்பம்

வளையப் படத்தின் முதற்குறை அதன் அளவில் இருக்கிறது. குறிப்பேட்டில் நடுவுருண்டை, வட்டத்தின் மூன்றிலொரு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும். பெங்களூரு சின்னசாமி மைதானம் முழுவதையும் ஒரு தங்க அணுவாகப் பாவித்தால், அதன் அணுக்கரு மைதானத்தின் நடுவில் வைத்த ஒரு பட்டாணி அளவே இருக்கும். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அந்தப் பட்டாணிக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வுண்மையை எந்தக் குறிப்பேட்டுத் தாளிலும் அளவொப்ப வரைய இயலாது.

இரண்டாவது குறை, வளையங்கள். நீல்ஸ் போர் 1913-இல் அமைத்துக் கொடுத்த மாதிரி விஞ்ஞான வரலாற்றில் ஒரு பெரும் படி என்பதில் ஐயமில்லை. ஆனால் 1926-க்குள்ளேயே பௌதிக அறிஞர் அதனைக் கடந்து சென்றுவிட்டனர். எலெக்ட்ரான், கோளைப் போல் வரையறுத்த பாதையில் சுற்றி வருவதன்று என்பது நூறாண்டுகளாக அறிந்த செய்தி. பின்னர் மறக்க வேண்டிய ஒன்றை முதற்பாடமாக வைப்பது சிக்கனமான கல்வியன்று.

மூன்றாவது குறை எல்லாவற்றினும் பெரிது. படத்தை வழுவின்றி வரையும் பிள்ளையிடம், தாம்பாளத்திலுள்ள செம்பின் ஓர் அணு என்ன நிறம் என்று கேட்டால், சிவப்பு என்ற விடை வரும். இரும்புக் கம்பியைச் சூடாக்கினால் ஏன் நீள்கிறது என்று கேட்டால், அணுக்கள் சூட்டினால் பருத்துவிட்டன என்பர். நீரின் துகள்களுக்கு இடையே என்ன உள்ளது என்று கேட்டால் காற்று என்பர். இம்மூன்று பிழைகளும் உலகின் பல நாடுகளிலும் மாணவரிடையே காணப்படுவதைக் கல்வியாராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். இவை அறியாமையால் வந்தவையல்ல. அணு என்றால், கண்ணால் காணும் பொருளையே மிகமிகச் சிறிதாக்கிய துண்டு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதால் வந்தவை. வளையப் படம் இந்த எண்ணத்தை அசைப்பதே இல்லை. அதன்மேல் ஒரு பூச்சாக அமர்ந்துவிடுகிறது.

சொல் பழையது, சான்று புதியது

அணு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கணாதரின் வைசேடிகத்தில் அணுக்கொள்கை உண்டு. மணிமேகலையில் ஆசீவகவாதி தன் சமயத்தை விளக்குமிடத்தில் நிலம், நீர், தீ, காற்று முதலியவற்றின் அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். கிரேக்கத்தில் டெமாக்கிரிட்டஸ் பேசினார். இவற்றை வகுப்பிற் கூறுவதில் தவறில்லை, பெருமைக்கும் இடமுண்டு. ஆயினும், ஜான் டால்ட்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறிய அணு ஏன் வேறு வகையானது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். டால்ட்டனின் அணுவுக்குப் பின்னால் தராசு இருந்தது. பொருள்கள் இன்ன எடை வீதத்திலேதான் கூடுகின்றன என்னும் அளவைக்கு, அணு ஒரு காரணமாக வந்தது.

அதன் பின்னரும் ஐயம் தீர்ந்துவிடவில்லை. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் போன்ற பேரறிஞரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணுவை ஏற்க மறுத்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதை 1827-இல் ராபர்ட் பிரௌன் கண்டிருந்தார். அத்துள்ளலுக்கு ஐன்ஸ்டைன் 1905-இல் கணக்கு வகுத்தார். ஜீன் பெர்ரின் 1908 முதல் அதனை அளந்து காட்டினார். அதன் பின்னரே ஆஸ்ட்வால்ட் இணங்கினார். சான்று கேட்கும் உரிமை அத்தகைய அறிஞர்க்கு இருந்ததென்றால், அவ்வுரிமை ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் உண்டு. சான்றின்றி அணுவைக் கற்பிப்போமானால், நாம் கற்பிப்பது பழைய நம்பிக்கையின் புதிய பெயரேயாகும்.

பெங்களூரும் தங்கவயலும் தரும் பாடம்

பண்பிலிருந்து அணுவுக்குச் செல்வது எவ்வாறு என்பதற்குத் தொலைவில் சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. சர். சி. வி. இராமன் 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புங்கால் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலம் நீரிற் பிரதிபலிப்பதே கடலின் நிறம் என்று அக்காலத்திற் பெரியோர் கூறியிருந்தனர். இராமன் தம்மிடமிருந்த ஒரு சிறு பட்டகத்தின் துணையால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக மலர்ந்தது. 1933-இல் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்த அவர், 1948-இல் தம் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தை இந்நகரில் நிறுவி, 1970-இல் மறையும்வரை இங்கேயே பணி புரிந்தார். வைரத்தின் ஒளியும் நிறமும் இங்கே அவருடைய ஆராய்ச்சிப் பொருள்களாயின. கண்ணுக்குத் தெரியும் ஒரு பண்பை விடாமல் வினவி, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறினைச் சென்றடைவதே அவர் கையாண்ட நெறி. பள்ளிக்கும் அதுவே நெறியாகலாம்.

நகருக்குக் கிழக்கே கோலார் தங்கவயல் உள்ளது. பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் உழைத்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கே பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தனர். தங்கம் அதிற் கரைந்ததும் மஞ்சளும் இல்லை, மினுக்கும் இல்லை. தெளிந்த நீர் போன்ற கரைசலே கண்ணுக்குத் தெரியும். பின்னர்த் துத்தநாகப் பொடியை இட்டவுடன் தங்கம் மீண்டும் திடப்பொருளாக வெளிவரும். தங்கம் இடையில் எங்கே சென்றிருந்தது? எங்கும் செல்லவில்லை. அதன் அணுக்கள் ஒன்றையொன்று பிரிந்து, சயனைடுடன் இணைந்து கரைசலில் இருந்தன. மஞ்சள் நிறமும் மினுக்கும் தனியணுவின் குணங்களல்ல. கோடானுகோடி அணுக்கள் நெருங்கி அணிவகுக்கும்போது தோன்றும் கூட்டத்தின் குணங்கள். ஒரு வளையமும் வரையாமல், அணுவைப் பற்றிய மிக ஆழ்ந்த உண்மையொன்றை இக்கதையால் விளக்கிவிடலாம்.

மைசூர் ஓவியங்களில் ஒட்டும் தங்கத் தகடும் அவ்வாறே துணை புரியும். நன்கு தட்டிய தங்கத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு இருக்கும். அக்கனத்தில் அடுக்கியிருப்பவை ஏறத்தாழ முந்நூறு, நானூறு தங்க அணுக்களே. இத்தகைய மெல்லிய தங்கத் தகட்டை வைத்தே ரூதர்போர்டின் மாணாக்கர் 1909-இல் சோதனை செய்தனர். 1911-இல் ரூதர்போர்டு அணுக்கருவைக் கண்டறிந்து கூறினார்.

முதலிற் கற்பிக்க வேண்டிய மூன்று

நடுநிலை வகுப்புகளில் அணுவைப் பற்றி மூன்று கருத்துகள் போதும். மூன்றையும் சோதனையின் வாயிலாகவே நிலைநாட்ட முடியும்.

முதலாவது: பொருள் யாவும் நுண்துகள்களால் ஆனவை, அத்துகள்கள் ஓயாது இயங்குகின்றன, அவற்றிற்கிடையே வெற்றிடம் உண்டு. ஊசி நீக்கிய சிரிஞ்சு ஒன்றில் காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்தச் செய்க. தண்டு உள்ளே செல்லும், விட்டால் திரும்பும். அதே சிரிஞ்சில் நீரை நிரப்பி அழுத்தச் செய்க. தண்டு நகராது. ஏன் என்று கேட்டுவிட்டு, விடையை உடனே கூறாது காத்திருத்தல் ஆசிரியரின் கடமை. காற்றில் துகள்கள் விலகியிருக்கின்றன, நீரில் நெருங்கியிருக்கின்றன என்ற விடையைப் பிள்ளைகள் தாமே எட்டுவர். இட்லிப் பானையில் ஒரு கரண்டி நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு கரண்டி அளவு இடத்தை அடைக்கிறது என்று கூறினால், துகள்கள் எவ்வளவு தொலைவு விலகுகின்றன என்பது விளங்கும். மைசூர் சந்தன சோப்பின் உறையைப் பிரித்ததும் மணம் கடைசி வரிசைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணச் செய்யலாம். மணம் என்பது பொருளேயன்றி வேறன்று, அது வந்து நம் மூக்கைத் தொடுகிறது என்பதே பிள்ளைகளுக்குப் பெரும் வியப்பாக இருக்கும். பெர்மாங்கனேட்டு ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரிற் கரைத்து, பத்தில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் நீர் சேர்த்து, மூன்று முறை இவ்வாறு செய்தபின்னும் வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கிலும் அப்பொருள் எங்கும் பரவி நிற்கிறதென்றால், அதன் துகள்கள் எத்துணைச் சிறியவை என்பதை அவர்களே உய்த்துணர்வர்.

இரண்டாவது: பண்பு பெரும்பாலும் அணுக்களின் அணிவகுப்பைப் பொறுத்தது. பென்சிலின் கரியும் வைரமும் ஒரே கார்பன் அணுக்களால் ஆனவை. பென்சில் தாளில் தேய்ந்து வழுக்குகிறது. வைரம் கண்ணாடியை அறுக்கிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் அணிவகுப்பின் விளைவே. உறையும்போது நீரின் மூலக்கூறுகள் இடைவெளி மிகுந்த வரிசையில் அமைகின்றன. இக்கருத்து பதிந்தால், செம்பணு சிவப்பு, நீரணு ஈரம் என்னும் குழப்பங்கள் தாமே விலகும்.

மூன்றாவது: சாதாரண மாற்றங்களில் அணு தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும், மெல்லிய தாளிற் பொதிந்த இரண்டு கிராம் ஆப்பசோடாவும் இட்டு உடனே இறுக மூடி, தராசில் நிறுக்கவும். குலுக்கியபின் உள்ளே பொங்கி நுரை வரும், எடை மாறாது. மூடியைத் திறந்ததும் சீறலோடு வாயு வெளியேறும். எடை சற்றுக் குறையும். கடைகளிற் கிடைக்கும் சிறு மின்னணுத் தராசே இதனைக் காட்டிவிடும். போனது எங்கே என்ற கேள்விக்கு மாணவரே விடை கூறட்டும்.

மூன்றாவது கருத்து நாட்டுக்கும் இன்றியமையாதது

இம்மூன்றனுள் மூன்றாவது, வகுப்பறைக்கு வெளியேயும் பயன்படுவது. பெங்களூரு பெள்ளந்தூர் ஏரியில் வெண்ணுரை மலைபோல் எழுந்து தெருவிற் பறந்ததையும், 2015-இலும் அதன் பின்னரும் அங்கே தீப்பற்றியதையும் நாடறியும். சுத்திகரிக்காத கழிவுநீரும் அதிற் கலந்த சலவைப் பொருள்களுமே நுரைக்கு முதற்காரணம். வாளியில் ஊற்றிய சலவை நீர் சாக்கடையிற் சென்று மறைந்துவிட்டது என்று எண்ணும் மனத்திற்கு இந்த ஏரி புரியாது. சலவைப் பொருளின் மூலக்கூறுகளைப் பாக்டீரியாக்கள் சிதைக்க முடியும். ஆனால் கழிவிலுள்ள பாஸ்பரஸ் அணுவை எந்த நுண்ணுயிரும் அழிக்க இயலாது. அது சேற்றிற் படியும், அல்லது ஆகாயத் தாமரையின் உடலிற் சேரும், அல்லது அடுத்த ஏரிக்குச் செல்லும். வெளியே எடுத்தாலன்றி அது போகாது. தங்கவயலின் மேடுகளிலும் இதே கணக்குத்தான். சயனைடு கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையக் கூடியது. பாறைப் பொடியிலுள்ள உலோக அணுக்கள் அங்கேயே இருக்கும், மழையோடு நகரும். எது சிதையும், எது சிதையாது என்று பிரித்தறியும் குடிமகனே தன் ஊரின் நீரைப் பற்றி அதிகாரிகளிடம் சரியான கேள்வியைக் கேட்க வல்லவன். வளையங்களின் எண்ணிக்கையை ஒப்பிப்பதால் அத்திறன் வராது.

மறுப்புகளும் விடைகளும்

அணுவே அனைத்திற்கும் அடிப்படை. அதனை ஏன் ஒத்திப்போட வேண்டும் என்பாருளர். ரிச்சர்ட் பெயின்மன் 1961-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய தம் சொற்பொழிவுகளில், விஞ்ஞான அறிவு முழுவதும் அழிந்து ஒரு வாக்கியம் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லுமாயின், அது அணுக்கொள்கையாகவே இருக்க வேண்டும் என்றார். அக்கருத்தை முழுவதும் ஏற்கலாம். ஆனால் அவர் அவ்வாக்கியத்தில் அடக்கியவை எவை? பொருள்கள் அணுக்களால் ஆனவை, அவை ஓயாது இயங்குவன, சற்று விலகினால் ஈர்ப்பன, நெருக்கினால் விலக்குவன. இவ்வளவே. எலெக்ட்ரானும் வளையமும் அதில் இல்லை. பெயின்மன் போற்றிய அணு, சிரிஞ்சிலும் சந்தன மணத்திலும் தெரியும் அணுவே.

அங்ஙனமாயின் எலெக்ட்ரானை எப்போது கற்பிப்பது? அதற்குரிய கேள்வி எழும்போது. தலையிற் தேய்த்த சீப்பு தாள் துணுக்குகளை ஏன் ஈர்க்கிறது, உப்புநீரில் மின்சாரம் ஏன் பாய்கிறது என்று பிள்ளைகள் வினவத் தொடங்கும்போது, அணுவிற்குள்ளும் பகுதிகள் உண்டு என்று கூற வேளை வந்துவிட்டது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டதும் மின்சாரத்தைப் பற்றிய கேள்வியின் வழியாகவே. உயர்நிலை வகுப்பே அதற்கு ஏற்ற இடம்.

சோதனைச்சாலை இல்லை, நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் சாதாரணக் கிராமப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், எளிய கருவிகளை வைத்துச் சோதனை வழியே கற்பிக்க இயலும் என்பதை முப்பதாண்டுகள் நடத்திக் காட்டியது. 2002-இல் அரசு அதனை நிறுத்தியது. திட்டம் நின்றதற்கு அரசாங்க முடிவே காரணமாயிற்று. பிள்ளைகளால் இயலவில்லை என்பதன்று. இக்கட்டுரையிற் கூறிய பொருள்கள் யாவும் மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவை.

தேர்வு என்னும் மறுப்பே வலுவுடையது. வினாத்தாளில் படம் கேட்கும்வரை ஆசிரியர் படத்தைக் கற்பிக்காமல் இருக்க முடியாது. ஆகவே பாடநூலாரும் வினாத்தாள் அமைப்போரும் ஆசிரியர்க்குத் துணை நிற்க வேண்டும். அணுவின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்பதற்குப் பதிலாக, நீரிற் கரைந்த உப்பு அழியவில்லை என்பதற்கு இரண்டு சான்று தருக என்று ஒரு வினா வருமானால், ஓராண்டிற்குள் வகுப்பறைகள் மாறிவிடும். அதுவரையில், படத்தைப் பாடத்தின் இறுதியில் வைத்து, இது அளவொப்பற்றது, ஒரு நினைவுக் குறியே என்று சொல்லிக் கற்பிப்பதற்கு எந்த விதியும் தடையன்று.

களப்பணியாளர்க்கு

ஆசிரியர்க்குச் சொன்னது பெரும்பாலும் களப்பணியாளர்க்கும் பொருந்தும். பெங்களூரு விசுவேசுவரய்யா தொழில் தொழில்நுட்பக் காட்சிசாலையின் கட்டடத்தை 1962-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். கைப்பிடியைத் திருப்பியும் பொத்தானை அழுத்தியும் கற்கும் முறை அங்கே பழகியது. அக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோரும், நடமாடும் விஞ்ஞானக் கண்காட்சியுடன் கிராமங்களுக்குச் செல்வோரும் விளக்கவுரையைச் சுருக்கிக் கேள்வியைப் பெருக்கினால் நலம்.

மண்வள அட்டையுடன் வயலுக்குச் செல்லும் பணியாளர்க்கும் அணுவே கருவி. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் உண்டு. சாணத்தில் அது மிகக் குறைவு. இரண்டிலும் உள்ள நைட்ரஜன் அணு ஒன்றே. பயிர் அதனைப் பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ ஏற்கிறது. சாணம் தரும் தனி நன்மை, மண்ணிற் சேரும் கார்பனும் அதனால் பெருகும் நுண்ணுயிரும். இதனை இவ்வாறு பிரித்துச் சொன்னால் உழவர் இரண்டையும் பயனறிந்து பயன்படுத்துவர். ஒன்று விஷம், மற்றது அமுதம் என்னும் வீண் வாதமும் குறையும். பயிரில் ஏறாத நைட்ரேட்டு மழையோடு இறங்கிக் கிணற்று நீரைச் சேரும் என்பதும் அணு அழிவதில்லை என்னும் அதே பாடத்தின் தொடர்ச்சியே.

வரும் பருவத்தில் ஆசிரியர்கள் ஒரு வகுப்பிலேனும் இம்முறையைக் கையாண்டு பார்த்தல் வேண்டும். வளையப் படத்தைச் சில வாரங்கள் தள்ளி வைத்து, சிரிஞ்சும் சோடா பாட்டிலும் முதலில் வரட்டும். ஒவ்வொரு விடைக்கும் பின்னர், அது உனக்கு எவ்வாறு தெரியும் என்று மாணவரைக் கேட்க வேண்டும். நாளடைவில் அக்கேள்வியை மாணவர் ஆசிரியரிடமே கேட்பர். அதனை இடையூறாகக் கொள்ளாது, விடை சொல்லக்கூடியதற்கு விடை சொல்லியும், சோதனையாற் காட்டக் கூடியதைக் காட்டியும் வருவதே நம் பணி.